குலுங்காத குடுவை

ஜனவரி 8, திங்கள்

இன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்துவிட்டேன். ஆறு கண்ணாடிக் குடுவைகள். ஆறிலும் ஒரே பாக்டீரியா, ஒரே சத்துநீர், ஒரே சூடு. இனி தினமும் காலை இதே பத்து மணிக்கு ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் புதிய சத்துநீரில் விட வேண்டும். ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எதற்கும் விடுப்பு கிடையாது. ஒருநாள் தவறினாலும் பட்டினியில் அவற்றின் குணம் மாறிவிடும், ஆய்வு குப்பைக்குப் போகும்.

கேள்வி சின்னதுதான். பாக்டீரியாவுக்குள் உட்கரு என்று தனி அறை கிடையாது. அதன் டி.என்.ஏ. நுனியே இல்லாத ஒரு பெரிய வளையம். இழுத்து நீட்டினால் அதன் உடம்பைப் போல ஆயிரம் மடங்கு நீளம் வரும். தன்மேல் தானே முறுக்கிக்கொண்டு உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. சில பாக்டீரியாக்களில் இது போகத் தனியாக ஒரு குட்டி வளையமும் இருக்கும், பிளாஸ்மிட் என்போம். என்னுடையவற்றில் இருக்கும் குட்டி வளையம், கனாமைசின் என்ற மருந்தைத் தாங்கும் சக்தியைத் தருகிறது. மருந்து இருக்கும் இடத்தில் அதுதான் உயிரைக் காப்பாற்றும். நான் மருந்தே கொடுக்கப்போவதில்லை. அப்போது அது வெறும் சுமை. வைத்துக்கொள்ளுமா, விட்டுவிடுமா?

விட்டுவிடும். இதை இன்றே எழுதிவைக்கிறேன், பிறகு என் நெறியாளர் சென்னியப்பன் சார், தானே முதலில் சொன்னதாகச் சொல்லக்கூடாது. தேவையில்லாததை எந்த உயிரும் சுமக்காது. மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் கருணா இறந்த மாதமே அவருடைய சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். அவருடைய அக்கா வசுமதி அண்ணி அன்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சட்டைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மாலை ஏழு மணிக்கு ஆதிரையுடன் பேசினேன். என் மகள் புதுக்கோட்டையில் அண்ணி வீட்டில் இருந்து ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் கோயம்புத்தூரில் இந்த ஆய்வை முடிக்கும்வரை, ஒரே ஒரு வருடம், என்று ஏற்பாடு. ஒரு நாள்கூட நான் அழைப்பைத் தவறவிட்டதில்லை.


ஜனவரி 15

பொங்கல். வளாகத்தில் நாய்களும் நானும். சொட்டு மாற்றினேன். மத்தியானம் தயிர்சாதம், ஊறுகாய்.

ஆதிரை கைப்பேசியைத் திருப்பிக் கரும்பைக் காட்டினாள். அண்ணி எட்டிப் பார்த்து, “ஒருநாளாச்சும் வந்துட்டுப் போயிருக்கலாம்ல மணி” என்றார். காலையில் சொட்டு மாற்ற வேண்டும் என்றேன். அவருக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் கருணாவின் படமும் அதற்கு மேல் அந்தச் சிவப்புப் பல்பும் தெரிந்தன. அந்தப் பல்பை அண்ணி அணைப்பதே இல்லை. அந்த வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசும்.


ஜனவரி 19

குடுவைகளை இரவும் பகலும் குலுக்கிக்கொண்டே இருக்கும் எந்திரத்தில், ஆறாவது குடுவையைப் பிடித்திருக்கும் இரும்புப் பிடி உடைந்துவிட்டது. குடுவை சாய்ந்து கிடந்தது, நல்லவேளை கொட்டவில்லை. புதுப் பிடி வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு, குழு கூடி, கையெழுத்தாகி வர வேண்டுமாம். அதற்குள் எனக்கு நரைத்துவிடும். ஆறாவதை மட்டும் அதே சூட்டறையில் ஓரமாக ஒரு பலகையில் குலுக்காமல் வைத்திருக்கிறேன்.


ஜனவரி 27

முதல் அச்சு எடுத்தேன். எடுக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். குடுவையிலிருந்து எடுத்துத் தடவிய மருந்தில்லாத சத்துக்கூழ்த் தட்டில் ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு வெள்ளைப் புள்ளியாக வளர்ந்திருக்கும். மரக்கட்டையின் மேல் வெல்வெட் துணியை இழுத்துக் கட்டி, தட்டை அதன்மேல் மெதுவாக அழுத்த வேண்டும். புள்ளிகள் துணியில் ஒட்டிக்கொள்ளும். அதே துணியில் மருந்து கலந்த தட்டை அழுத்தினால் அதே இடங்களில் அதே புள்ளிகள் மறுநாள் வளரும். எந்த இடம் காலியோ, அந்தப் பாக்டீரியா குட்டி வளையத்தை விட்டுவிட்டது என்று பொருள்.

காலி இடம் இன்னும் அதிகமில்லை. ஆரம்பம்தானே.

வெல்வெட்டை ஒப்பணக்காரத் தெருவில் வாங்கினேன். பிளவுஸுக்கா என்று கடைக்காரர் கேட்டார். பாக்டீரியாவுக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆதிரையிடம் சொன்னபோது சிரித்தாள். “எனக்கும் அதுல ஒரு துண்டு வேணும். பொம்மைக்குப் பாவாட தைக்க” என்றாள். அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றேன்.


பிப்ரவரி 11

“அம்மா, பாக்டீரியாவுக்குள்ள டி.என்.ஏ. எப்படி இருக்கும்? மிஸ் கேட்டாங்க” என்றாள் இன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. தலையில் கட்டும் ரப்பர் பேண்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதுதான் வளையம், ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் மட்டும் முறுக்கு என்றேன். முறுக்க முறுக்க அது தானே சுருண்டு முடிச்சு முடிச்சாக ஒடுங்கியது. “ஐய், குட்டியாயிருச்சு!” என்று கத்தினாள்.

“அவ்ளோ நீளத்த அப்பிடித்தான் உள்ள அடக்கி வச்சிருக்கு.”

“விட்டா?”

“விட்டா படக்குன்னு பிரிஞ்சிடும். அதனால அது விடறதேயில்ல.”

விட்டுப் பார்த்தாள். படக்கென்று பிரிந்து அவள் மூக்கில் அடித்தது. இருவரும் சிரித்தோம். ஏழு மணிக்குத் தொடங்கிய பேச்சு அரைமணி நேரம் ஓடியது. இந்த வருடத்தில் எனக்கு இதுதான் நல்ல நாள்.


பிப்ரவரி 12

ஏழு மணிக்கு அழைத்தேன். டியூஷன் போயிருக்கிறாளாம்.


மார்ச் 2

நான் சொன்னது பலித்துவிட்டது. முதல் ஐந்து குடுவைகளின் அச்சிலும் பாதிக்கு மேல் காலி. மழைக்குப் பிறகு வெளுத்துப்போன கோலம்போல இருக்கிறது. மருந்தில்லை, சுமை எதற்கு, உதறிவிட்டன.

ஆறாவது மட்டும் நிரம்பிக் கிடக்கிறது. ஓர் இடம்கூடக் காலியில்லை.

தவறுதலாக அதில் மருந்து விழுந்திருக்க வேண்டும். என் கை அப்படிச் செய்யாது. ஆனாலும் வேறு காரணம் தெரியவில்லை.


மார்ச் 5

சென்னியப்பன் சார் இன்று வந்தார். ஐந்து குடுவைகளின் கணக்கைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். ஆறாவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இதைய எதுக்கு இன்னும் வெச்சுட்டிருக்கற? குலுக்காம வெச்சது கணக்குலயே சேராது. ஊத்திப்போடு. அஞ்சு போதுமுங்கறேன்.”

சரி சார் என்றேன். ஊற்றவில்லை. தினமும் காலையில் அதையும் மாற்றுகிறேன். மற்ற ஐந்தும் ஆட்டத்தில் ஒரே கலங்கலாக இருக்கும். இது மட்டும் மேலே தெளிந்து, அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும். பார்க்க அமைதியாக இருக்கிறது.


மார்ச் 17

இன்று அண்ணி அழைத்தார். ஏழு மணிக்கு அல்ல, மத்தியானமே.

“நீ தப்பா நெனைக்காத மணி. இங்க நல்ல ஸ்கூலு ஒன்னு இருக்கு, ஆறாப்புலேருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கயே படிக்கலாம். ஏப்ரல் முடியறதுக்குள்ள பேரு குடுக்கணும். புள்ள இங்கயே இருக்கட்டுமே. எங்க வீட்டுக்காரரும் சிங்கப்பூர்ல, நானும் ஒத்தையாத்தான கெடக்குறேன்.”

ஒரு வருடம் என்றுதானே பேச்சு என்றேன். ஜூனில் நான் அழைத்துக்கொள்வேன் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. “நான் வச்சுக்கிறேன்னு சொல்லல. ஆதிரையேதான் சொல்லுது. நீயே கேட்டுப் பாரு” என்றார்.

ஏழு மணிக்குக் கேட்டேன். ஆதிரை கைப்பேசியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, “இங்கயே படிக்கிறேம்மா” என்றாள். அங்கே தோழிகள் இருக்கிறார்களாம். கோயம்புத்தூரில் தனக்கு யாரையும் தெரியாதாம்.

யாரையும் என்றாள்.


மார்ச் 18

மாற்றினேன்.


மார்ச் 24

ஆய்வகத்தில் எனக்கு இளையவள் ஷாஜிதா. வாயாடி. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

“அக்கா, ரெண்டு நாளைக்கு நான் மாத்தறேன், போயிட்டு வாங்க. ஒரு சொட்டு எடுத்து ஊத்தறதுதானுங்க, ராக்கெட்டா விடறோம்?”

கை மாறினால் சொட்டின் அளவு மாறும் என்றேன்.

“அளவுக்குத்தான் பிப்பெட் இருக்குதே” என்றாள்.

எனக்கு அவளிடம் பேச நேரமில்லை என்று திரும்பிக்கொண்டேன். இங்கிருந்து திருச்சி ஐந்து மணி நேரம், அங்கிருந்து புதுக்கோட்டை. போய் இறங்கினால் கூடத்தில் அந்தப் படம், அந்தச் சிவப்புப் பல்பு. ஆதிரை வளர வளர அவர் முகமாகவே வருகிறாள். கைப்பேசியில் என்றால் சின்னதாகத் தெரியும், சமாளித்துவிடலாம். இதை எதற்கு எழுதுகிறேன். போக முடியாததற்குக் காரணம் குடுவைகள்தான்.


ஏப்ரல் 6

ஆறாவது குடுவையின் சத்துநீரைச் சோதித்தேன். மருந்து ஒரு துளியும் இல்லை. வேறு கிருமி கலக்கவில்லை. அதே பாக்டீரியா, அதே பெரிய வளையம், அதே குட்டி வளையம். குட்டி வளையத்தை வெளியே எடுத்து அதன் டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்தும் பார்த்தேன், ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு எப்படி இது மட்டும் விடவில்லை?

மற்ற ஐந்திலும் அச்சு கிட்டத்தட்ட வெறும் தட்டு.


ஏப்ரல் 10

ஏழு மணிப் பேச்சு இப்போதெல்லாம் இப்படிப் போகிறது.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“பரீட்ச எப்பிடி எழுதின?”

“நல்லா.”

“அம்மாகிட்ட வேற என்ன சொல்லணும்?”

“ஒன்னுமில்ல. நீ போம்மா, ஒனக்கு வேல இருக்கும்.”

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தினமும் பேசுகிறேன். எந்தத் தாய் இப்படி ஒரு நாள் தவறாமல் பேசுகிறாள் என்று அண்ணியிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. வைத்த பிறகு கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தேன். பிறகு எடுத்து உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.


ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. மாற்றினேன். அலமாரியில் வெல்வெட் துண்டு மடித்தபடியே இருக்கிறது. அனுப்பவில்லை.


ஏப்ரல் 20

ஷாஜிதாதான் இந்த யோசனையைச் சொன்னாள், அதையும் விளையாட்டாக. “ஆறாவதுல எல்லாம் பக்கத்துப் பக்கத்துல படுத்துக் கெடக்குது, ஒன்னுக்கொன்னு கடன் வாங்கிக்குதோ என்னவோ” என்றாள்.

பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டேன். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நானே கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் விடும், விடும் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில், கொடுக்கும் என்பது நினைவுக்கே வரவில்லை.

எங்களிடம் நீலநிறப் புள்ளிகளாக வளரும் ஒரு வகை இருக்கிறது. அதற்குக் குட்டி வளையம் கிடையாது, மருந்து பட்டால் செத்துவிடும். அந்த நீலத்தையும் ஆறாவது குடுவையின் வெள்ளையையும் ஒன்றாகக் கலந்தேன். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குலுக்கும் எந்திரத்திலும் மற்றதை ஓரத்தில் அசையாமலும் வைத்தேன். மாலையில் இரண்டையும் மருந்து கலந்த தட்டுகளில் தடவியிருக்கிறேன். நாளை தட்டில் நீலம் தெரிந்தால், அந்த நீலத்துக்கு யாரோ வளையத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.


ஏப்ரல் 21, ஞாயிறு

குலுக்கிய தட்டில் நீலம் இரண்டே புள்ளி.

குலுக்காத தட்டில் சங்குப்பூ பூத்தமாதிரி நீலம். எண்ணவே முடியவில்லை.

ஆய்வகத்தில் யாருமில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடப்பது இதுதான். குட்டி வளையம் இருக்கும் பாக்டீரியா ஒரு மெல்லிய இழையை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு கயிறுபோல இரண்டு புரியாக இருக்கும் வளையத்தின் ஒரு புரி பிரிந்து, அந்தப் பக்கம் போகும். போன இடத்தில் மறுபடி முழு வளையமாக மூடிக்கொள்ளும். கொடுத்ததற்கும் குறைவில்லை, அதனிடமும் முழுதாக ஒன்று இருக்கும். இதற்குச் சில நிமிடங்கள் இரண்டும் ஒட்டியபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான். குலுங்குகிற குடுவையில் அவை ஒரு நாளில் ஆயிரம் முறை முட்டிக்கொள்கின்றன. ஆனால் எல்லாம் தொட்டவுடன் பிய்ந்துபோகிற தொடல்.

தேவை இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும் என்று முதல் நாளே எழுதினேன். ஆறாவதிலும் விடத்தான் செய்தன. விட்டவற்றுக்குப் பக்கத்தில் இருந்தவை திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தன. அதனால் அச்சில் காலியே தெரியவில்லை.

ஏழு மணிக்கு அழைத்தேன். “சாப்பிட்டியா?” “ம்.”

எனக்குப் பயமாக இருக்கிறது.


ஏப்ரல் 23

சார் தட்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். ஆறாவதை ஊற்றச் சொன்னதை அவர் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. “அருமைம்மா! இதையவே தனிக் கட்டுரையா எழுதிப்போடலாம். இன்னும் ரெண்டு மாசம் விடாம ஓட்டு” என்றார். தலையை ஆட்டினேன். சந்தோஷப்பட வேண்டிய நாள். யாரிடம் சொல்வது என்று யோசித்து, வழியில் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன். தலையில் வைத்துக்கொள்ளாமல் தண்ணீரில் போட்டு வைத்தேன்.


ஏப்ரல் 26

அண்ணியின் குறுஞ்செய்தி. முப்பதாம் தேதிக்குள் பள்ளியில் பேர் கொடுக்க வேண்டும். ‘நீ சரின்னு சொன்னாத்தான் கொடுப்பேன்’ என்று முடித்திருந்தார். அண்ணிமேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. தன் தம்பி மகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, தலைவாரி, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறார். வேறென்ன செய்தார்?


ஏப்ரல் 27

பத்து மணிக்கு ஷாஜிதாவை அழைத்தேன். பிப்பெட்டை அவள் கையில் கொடுத்தேன். ஒரு முறை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்தாவது குடுவைக்கு மாற்றும்போது அவசரப்பட்டாள். என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“எத்தன நாளைக்குங்க்கா?”

“தெரியல.”

வாயாடி பிப்பெட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு, “தப்பாயிருச்சுன்னா?” என்றாள்.

“ஆனா ஆகட்டும்” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.


ஏப்ரல் 28, ஞாயிறு

விடியற்காலை பஸ். திருச்சியில் இறங்கி மாறினேன். வெல்வெட் துண்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். புதுக்கோட்டையில் வெயில் கொளுத்தியது.

அண்ணி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். “குடுவ?” என்றார். அவருக்குக்கூட அதுதான் முதலில் தோன்றியது.

ஆதிரை உள்ளே இருந்தாள். வளர்ந்துவிட்டாள். கைப்பேசியில் உயரம் தெரிவதில்லை. ஓடி வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “எப்ப போற?” என்றாள். எதற்கு வந்தாய் என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வெல்வெட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து பொம்மையைக் கொண்டுவந்து காட்டினாள். அதற்கு அரக்குநிற வெல்வெட்டில் சரிகை வைத்த பாவாடை. அண்ணி எப்போதோ தைத்துக் கொடுத்துவிட்டார். “இதயும் வச்சுக்கிறேன்” என்று மரியாதையாகச் சொன்னாள்.

கூடத்தில் படத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். வேறு இடமில்லை. சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. முதலில் தரையைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். அந்த நீலக் கட்டம்போட்ட சட்டையைப் போட்டிருக்கிறார். அதை நான்தான் யாருக்கோ கொடுத்தேன். அழுகை வந்தது. மூன்று வருடமாக வராதது, அண்ணி காபி கொண்டுவருவதற்குள் வந்துவிட்டது. அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அழுதார். ஆதிரை சமையலறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுது அவள் பார்த்ததே இல்லை.

சாப்பிட்ட பிறகு அண்ணியிடம் சொன்னேன். “பேரு குடுக்குறதா வேணாமான்னு எனக்கு இப்ப தெரியல அண்ணி. லீவு முடியற வரைக்கும் நான் இங்க இருக்கேன், எடம் இருந்தா.”

“ஒன் வீட்டுல எடம் இருக்கான்னு என்கிட்ட கேக்குற பாரு” என்று வெற்றிலைப் பெட்டியை நகர்த்திவிட்டுப் பாய் எடுக்கப் போனார்.

ஏழு மணி ஆனபோது என் கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. ஆதிரை எதிரில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துதானே சாப்பிட்டோம். பென்சில் சீவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெறுமனே இருந்தேன்.


ஏப்ரல் 29

காலையில் ஆதிரை குளித்துவிட்டு வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே என்னைத் தாண்டி அண்ணியைத் தேடிப் போனாள். அண்ணி கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தார். “கை ஈரமா இருக்குடி, செத்த இரு” என்று அவர் சொன்னது கேட்டது. ஆதிரை கூப்பிட்டால் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருகிறவர் அவர். இன்று வரவில்லை.

ஆதிரை கூடத்துக்குத் திரும்பி வந்து நின்றாள். சீப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“இன்னிக்குக் குடுவய யாரு மாத்துவா?”

“ஷாஜிதா அக்கா.”

“ஒழுங்கா மாத்துவாங்களா?”

“தெரியல.”

“தப்பாயிருச்சுன்னா எல்லாம் போயிரும்னு சொன்ன?”

“ஆமா.”

“அப்ப நீ போகல?”

“போகல.”

பிறகு என் முன்னால் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலேயே தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டினாள். அடுத்து இரண்டு ரப்பர் பேண்ட்.

“வகிடு நேரா எடு. அத்தை நேரா எடுக்கும்” என்றாள்.

முதல் தடவை கோணிக்கொண்டு போனது. கலைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அவள் முடி கருணா முடிமாதிரியே முரடு, கைக்குள் அடங்க நேரம் பிடித்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பின்னலில் ரப்பர் பேண்டைச் சுற்றி முடித்தபோது, கூடத்துக் கடிகாரத்தில் மணி பத்தைத் தாண்டியிருந்தது.